சொல் தவறினோம்

சென்ற இதழில், கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பங்கள் ரயில் முன்பதிவில் கவனிக்க வேண்டியவற்றை எழுதியிருந்தோம். இவ்விதழில் அதன் தொடர்ச்சியையே எழுத எண்ணியிருந்தோம். ஆனால், நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் சென்ற ஞாயிறு மாலை நம் இல்லத்துக்கு வந்தார். காப்பி அருந்தி முடித்தபின், "தம்பி, என் கதையை உன் பகுதியில் எழுது. பெயரை மட்டும் விட்டுவிடு. இன்னொருவன் என்னைப்போல் மூன்று மாதத்தைத் தொலைக்க வேண்டாம்" என்றார். அவர் கதையில் நம் பிழையும் கலந்திருக்கிறது. ஆகவே மறுக்க இயலவில்லை.

இப்பகுதியைக் குடும்பத்தில் பலரும் படிப்பதை அறிவோம். எனினும் நோயைப் பற்றிப் பேசுவதில் வெட்கம் கூடாது என்பதை மிகுந்த விலை கொடுத்துக் கற்றுக்கொண்டோம். நேயர்கள் பொறுத்தருள்க.

பெரியவருக்கு வயது எழுபத்தொன்று. தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, இருபத்திரண்டாம் வயதில் கொல்கத்தாவுக்கு வந்து, ஒரு தனியார் கம்பெனியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். வங்காளம் அவருக்குக் கடைத்தெரு அளவுக்கே வரும். மூன்றாண்டுகளுக்கு முன் இடுப்பிலும் முதுகிலும் ஓயாத வலி கண்டது. இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழ நேர்ந்தது. பரிசோதனைகளின் முடிவில், சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் தோன்றி எலும்புக்கும் பரவியிருப்பது தெரிந்தது. பிள்ளைகள் வெளியூரில் இருந்தமையால், மருத்துவரிடம் முடிவைக் கேட்கச் செல்லும்போது நம்மைத் துணைக்கு அழைத்தார். தமிழும் வங்காளமும் பேசுவோம் என்பதைத் தவிர வேறு தகுதி நமக்கு இல்லை. மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்ட ரயில்வே குமாஸ்தா நாம். ஆயினும் இந்நகரில் தமிழ்க் குடும்பங்களுக்கு மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளராக நிற்பவர் பெரும்பாலும் நம்மைப் போன்றவரே.

மருத்துவர் வங்காளமும் ஆங்கிலமும் கலந்து விரைவாகப் பேசினார். இந்நோய்க்கு உணவாவது ஆண்களின் உடலில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன். அதை நிறுத்த வேண்டும். விரைகள் இரண்டையும் அறுவையால் நீக்கலாம், அல்லது தொடர்ந்து ஊசி போட்டுக்கொள்ளலாம். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். இவ்வளவையும் நாம் தமிழில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தகுந்த சொல் நாவில் எழவில்லை. வெட்கமும் வந்து சேர்ந்தது. "காயடிக்க வேண்டும் என்கிறார் ஐயா" என்று சொல்லிவிட்டோம். ஊசியைப் பற்றிச் சொல்லவே இல்லை.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. குடையையும் காகித உறையையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். பேருந்து கரியாஹாட்டைக் கடந்தபின் ஒரே ஒரு முறை வாய் திறந்தார். "எங்கள் ஊரில் வண்டி மாட்டுக்கு அதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன் தம்பி. நாலு பேர் காலைக் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கும் அதுதானா?" நமக்கு விடை தெரியவில்லை.

அச்சொல் தமிழில் மாட்டுத் தொழுவத்தில் பிறந்தது. வங்காளத்திலும் அப்படியே. இந்நகரின் இறைச்சிக் கடைப் பலகைகளில் 'காஸி' என்று எழுதியிருப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். விரை நீக்கி வளர்த்த ஆட்டுக்கிடாயை அது குறிக்கும். விலங்குக்கு உரிய சொல்லை ஒரு மனிதரின் செவியில் போட்டோம். அவர் அன்றே மருத்துவரின் காகிதங்களை வங்கிப் புத்தகத்துக்கு அடியில் வைத்து இழுப்பறையைப் பூட்டிவிட்டார். துணைவியாரிடம் வாயுத் தொல்லை என்றார். நம்மைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கலானார். நாமும், அவர் முடிவு அவருக்கு என்று வாளா இருந்தோம்.

மூன்று மாதங்கள் இவ்வாறு கழிந்தன. ஒரு நாள் விடியற்காலை அந்த அம்மையார் நம் கதவைத் தட்டினார். பெரியவரின் இரு கால்களும் மரத்துப் போயிருந்தன, எழ முடியவில்லை. முதுகெலும்பில் வளர்ந்த நோய் தண்டுவடத்தை அழுத்தத் தொடங்கியிருந்தது. இது ஒரு நாள் தாழ்த்தினாலும் கால்கள் நிலையாகச் செயலிழக்கக்கூடிய நிலை என்று, வேறொரு மருத்துவமனையில் நம்மை ஏற்றுக்கொண்ட மருத்துவர் சொன்னார்.

அந்த மருத்துவரை நாம் மறப்பதற்கில்லை. படுக்கையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். ஒரு வாக்கியம் சொல்வார். நாம் தமிழாக்கும்வரை காத்திருப்பார். பிறகு, "அவர் என்ன புரிந்துகொண்டார் என்று கேளுங்கள்" என்பார். பெரியவர் தமிழில் சொல்வதை நாம் வங்காளத்தில் திருப்பிச் சொல்வோம். பிழையிருந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார். கால் மணி நேரம்தான் ஆயிற்று. அந்தக் கால் மணி நேரம் மூன்று மாதங்களுக்கு முன்பே வாய்த்திருக்கக் கூடாதா என்று இன்றும் எண்ணுகிறோம்.

அவர் விளக்கியவற்றின் சாரத்தைக் கீழே தருகிறோம்.

1941-இல், அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்னும் அறுவை மருத்துவர், தம் துணைவர் கிளாரன்ஸ் ஹாட்ஜஸுடன் சேர்ந்து ஒன்றைக் கண்டறிந்து வெளியிட்டார். பரவிவிட்ட புராஸ்டேட் புற்றுநோய் உடையோருக்கு விரைகளை நீக்கினால், நோய் பின்வாங்குகிறது. எலும்பு வலி தணிகிறது. புற்றுநோய் தன் போக்கில் வளரும் காட்டுச் செடியன்று, உடலின் ஹார்மோனுக்குக் கட்டுப்படுவதும் உண்டு என்பது அதனால் விளங்கிற்று. இதற்காக 1966-இல் ஹக்கின்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெரியவர் இதைக் கேட்டு, "பரிசு கொடுக்கிற வைத்தியமா இது?" என்றார். மூன்று மாதங்களுக்குப் பின் அவர் முகத்தில் நாம் கண்ட முதல் தெளிவு அதுவே.

பிற்காலத்தில் ஊசிகள் வந்தன. மூளைக்கும் விரைக்கும் இடையே நடக்கும் ஏவலை நிறுத்துவதால் அவையும் அதே ஹார்மோனைத் தடுக்கின்றன. ஆகவே விளைவில் இரண்டும் ஒன்றே. ஊசிக்குப் போனால் ஆண்மை நிலைக்கும், அறுவைக்குப் போனால் அழியும் என்று எண்ணுவது தவறு. ஆசை குறைவது ஹார்மோன் குறைவதால்; கத்தியால் அன்று. இதை ஆடவர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும்.

வேற்றுமைகளும் உண்டு. அறுவை ஒரே முறை. செலவும் ஒரே முறை. ஆனால் மீட்க இயலாதது. ஊசியை மாதம் ஒரு முறையோ, மூன்று அல்லது ஆறு மாதங்களுக்கு ஒரு முறையோ தவறாது போட வேண்டும், செலவு தொடரும், வேண்டுமாயின் நிறுத்தலாம், ஹார்மோனும் பலருக்கு மெல்லத் திரும்பும். அறுவை செய்த சில மணி நேரத்திலேயே ஹார்மோன் இறங்கிவிடும். வழக்கமான ஊசியோ தொடக்கத்தில் ஹார்மோனைச் சில நாட்கள் ஏற்றிவிட்டே பின் இறக்கும். அதனால் முன்கூட்டியே ஒரு தடுப்பு மாத்திரை தருவர். உடனே இறக்கும் வேறுவகை ஊசியும் உண்டு. தண்டுவடம் அழுந்தும் நிலையில் காலத்தை வீணாக்க இயலாது என்று கூறி, பெரியவருக்கு அறுவையே தக்கது என்றார் மருத்துவர். இம்முறை நாம், "விரை நீக்க அறுவை" என்று மொழிபெயர்த்தோம். பெரியவர் தம் கையாலேயே தமிழில் கையொப்பமிட்டார். மறுநாள் அறுவை நடந்தது. முதுகுக்குக் கதிர்வீச்சும் தொடங்கிற்று.

இவ்விரண்டும் நோயை அடியோடு ஒழிப்பன அல்ல. பல மாதங்களோ சில ஆண்டுகளோ அடக்கி வைப்பன. இக்காலத்தில் இவற்றோடு அபிராடரோன் போன்ற மாத்திரைகளையும் சேர்த்துத் தருகின்றனர். அதனால் பலருக்கு ஆயுள் நீள்கிறது. நோய் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்தால் சிகிச்சை வேறு. சுரப்பியை அகற்றுவதும் கதிர்வீச்சும் அங்கே முதன்மை பெறும்.

நாள் குறித்து நிதானமாக அறுவை செய்துகொள்ளும் வாய்ப்பைப் பெரியவர் இழந்தார். அவ்வாய்ப்பு உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவற்றை, மருத்துவர் சொன்னபடியும் பின்னர் நாம் கேட்டறிந்தபடியும் குறிக்கிறோம். தத்தம் மருத்துவர் சொல்வதே முடிவு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முதலாவது, உண்ணும் மருந்துகள் யாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு தாளில் எழுதிக் காட்டுக. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் முதலிய இரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளை எப்போது நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்துவது இதயத்துக்குக் கேடு. நீரிழிவு உடையோர் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருக. பீடி, சிகரெட், ஜர்தா போட்ட பான் இவற்றை விடுக. புண் ஆறுவதற்கு அவை பகை.

இரண்டாவது, எலும்பின் அடர்த்தியை அளந்து வைத்துக்கொள்க. எலும்பை வலுப்படுத்தும் ஊசி பின்னர் தேவைப்படலாமாயின், அதற்குமுன் பல் மருத்துவரைப் பார்த்துச் சொத்தைப் பற்களைச் சீர்செய்துகொள்வது நன்று. அவ்வூசிக்குப் பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு எளிதில் ஆறாது போவதுண்டு. இளவயதினர் எவருக்கேனும் இவ்வறுவை நேர்ந்து, மகப்பேற்றை விரும்பினால், விந்தைச் சேமித்து வைக்கும் வழியை முன்பே கேட்டறிக, பின்னர் இயலாது.

மூன்றாவது, முதல் நாள் இரவு சோப்பிட்டுக் குளிக்க வேண்டும். வீட்டில் பிளேடால் மழிக்க வேண்டாம். சிறு கீறலும் சீழுக்கு வாயிலாகும். மயக்க மருந்துக்கு ஆறு மணி நேரம் முன்பிலிருந்து உணவு கூடாது. தண்ணீரை எதுவரை அருந்தலாம் என்பதைக் கேட்டுக்கொள்க.

அறுவை அஞ்சத்தக்கதன்று. முதுகில் ஊசியிட்டோ, அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்தோ, விதைப்பையில் சிறு கீறலிட்டு, ஏறக்குறைய அரை மணி முதல் ஒரு மணிக்குள் முடித்துவிடுவர். பை முற்றும் வெறுமையாகத் தோன்றாதபடி, மேல் உறையை விட்டு உள்ளிருக்கும் சதையை மட்டும் எடுக்கும் முறையும் உண்டு, விரும்புவோர் கேட்கலாம். தையல் பெரும்பாலும் தானே கரைவது. வேறு நோயில்லாதவர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். நாலு பேர் காலைக் கட்டிப் பிடிக்கும் காரியம் எதுவும் இதில் இல்லை.

வீடு வந்தபின் முதல் இரண்டு நாட்கள், பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக் கால் மணி நேரம் வைத்து எடுத்தால் வீக்கம் வடியும். நம் முன்னோரின் கோவணமும் லங்கோடும் இங்கே நன்கு பயன்படுகின்றன. தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை இருந்தால் வலி பாதியாகும். கன்றிப்போன நிறம் இரண்டு வாரம் வரை இருக்கலாம். முதல் நாளிலிருந்தே மெல்ல நடக்க வேண்டும். தண்ணீர் வாளி தூக்குவது, அரிசி மூட்டை சுமப்பது, சைக்கிள் ஓட்டுவது ஆகியவை சில வாரங்களுக்கு வேண்டாம். குளத்திலும் கங்கையிலும் முழுகிக் குளிப்பது புண் நன்றாக ஆறியபின்பே. மலச்சிக்கல் நேராதபடி கீரையும் பழமும் உண்க. காய்ச்சல், சீழ், வரவரப் பெருகும் வீக்கம், சிறுநீர் நின்றுபோதல் ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்க.

புண் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். அதற்குப் பின்னரே மெய்யான தேறுதல் தொடங்குகிறது. இதைப் பெரியவரின் வீட்டில் நேரில் கண்டோம்.

திடீரென்று முகமும் மார்பும் காந்தி வியர்த்துக் கொட்டும். சில நிமிடங்களில் அடங்கும். பெண்மக்களுக்கு மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் வருவதும் இதுவே. கொல்கத்தாவின் வைகாசிப் புழுக்கத்தில் பெரியவர் நள்ளிரவில் எழுந்து மாடியில் நிற்பார். தசை குறைந்து வயிறு பெருத்தது. சோர்வும் காரணமில்லாத கண்ணீரும் வந்தன. எலும்பு தேய்வதும், சர்க்கரை ஏறுவதும், இதயத்துக்குச் சுமை கூடுவதும் உண்டு என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். குரல் பெண்குரலாகிவிடும் என்று பெரியவர் அஞ்சியது மட்டும் நடக்கவில்லை. பருவமடைந்து உரைத்துப்போன குரல் மாறுவதில்லை. இன்றும் அவர் எங்கள் நவராத்திரி விழாவில் ஒலிபெருக்கி இல்லாமலே பேசுகிறார்.

இவற்றுக்கு மாற்று, நாள்தோறும் நடையும் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும். மருத்துவர் அளவிட்டுத் தரும் கால்சியமும் வைட்டமின் டி-யும் வேண்டும். லேக் மார்க்கெட்டில் கேழ்வரகு கிடைக்கிறது. மீன் உண்போர், வங்காளிகள் முள்ளோடு உண்ணும் மௌரலா என்னும் சிறுமீனை வாங்கலாம். மருத்துவர் குறித்த நாட்களில் பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை செய்து, நோய் அடங்கியிருப்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

கண்ணீருக்கு மருந்து வேறாயிற்று. அறுவைக்குப் பின் இரண்டு மாதங்கள் பெரியவர் கூடத்தில் தனியே படுத்தார். கால்வலி என்றார். ஒரு நாள் அந்த அம்மையார் எங்கள் இல்லத்தரசியிடம், "அவர் என்னைக் கண்டு வெட்கப்படுகிறார். நாற்பத்தாறு வருஷம் குடித்தனம் செய்தவளிடம் என்ன வெட்கம்? எனக்கு அவர் மூச்சு வீட்டில் இருந்தால் போதும்" என்று கூறி அழுதாராம். அடுத்த பரிசோதனைக்குச் சென்றபோது, அந்த அம்மையாரையும் உள்ளே அழைத்து வரும்படி மருத்துவரே சொன்னார். இச்சிகிச்சைக்குப் பின் ஆசை குறைவது இயல்பு என்றும், அன்பு ஹார்மோனால் வருவதன்று என்றும் இருவரையும் ஒருங்கே அமர்த்திச் சொன்னார். நாம் மொழிபெயர்த்தோம். குரல் தடுமாறிற்று, சொல் தடுமாறவில்லை. அன்றிரவு பெரியவர் தம் அறைக்குத் திரும்பியதாக அறிந்தோம். ஆகவே நேயர்களுக்குச் சொல்கிறோம்: இவ்வறுவைக்கான முதல் ஆயத்தம், கணவனும் மனைவியும் முன்னதாகவே அமர்ந்து பேசுவதே. பிள்ளைகள் தந்தைக்குத் தெரியாமல் முடிவெடுப்பதும், தந்தை தாய்க்குத் தெரியாமல் மறைப்பதும் வேண்டாம்.

இன்னொன்றும் மனத்தில் பட்டது. பெரியவர் அஞ்சி ஒளிந்த இதே அறுவையைத் தம் உள்ளத்துக்கு ஒத்த உடலைப் பெறும்பொருட்டுத் திருநங்கையர் பலர் தாமே வேண்டிப் பெறுகின்றனர். முறையறியாதார் கையில் உயிரைப் பணயம் வைத்து இதைச் செய்துகொண்ட காலம் நெடியது. தமிழ்நாட்டில் 2008-இல் அவர்களுக்கென நலவாரியம் அமைந்தபின், அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிச் செய்துகொள்ள வழி பிறந்தது. ஒருவர் இழப்பென்று அஞ்சுவதை மற்றொருவர் பேறென்று கொள்கிறார். இழிவு அறுவையில் இல்லை. நாம் அதற்கு இட்ட பெயரில்தான் இருக்கிறது.

சிகிச்சைக்கு இந்நகரில் இடமில்லை என்று எவரும் எண்ண வேண்டா. ஹாஜ்ராவில் உள்ள சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனையை 1950 ஜனவரி 2-இல் திறந்து வைத்தவர், மேரி கியூரியின் மகளான ஐரீன் ஜோலியோ கியூரி அம்மையார். அதன் இரண்டாம் வளாகம் 2022-இல் நியூ டவுனில் திறக்கப்பட்டது. ராஜர்ஹாட்டில் டாட்டா மருத்துவ மையம் 2011 முதல் இயங்குகிறது. ரயில்வே குடும்பங்களுக்குச் சியால்தாவில் பி. ஆர். சிங் மருத்துவமனையும் கார்டன் ரீச்சில் தென்கிழக்கு ரயில்வேயின் மத்திய மருத்துவமனையும் உள்ளன. இங்கிருந்து எத்தனையோ வங்காளக் குடும்பங்கள் நம் வேலூருக்குச் செல்கின்றன. அங்கே தமிழ் தெரியாமல் அவர்கள் எப்படித் திகைப்பார்களோ என்று இப்போது எண்ணிப் பார்க்கிறோம்.

பெரியவர் இன்று கோலூன்றி நடக்கிறார். கால்களில் பழைய வலு முழுதும் திரும்பவில்லை. அது அந்த மூன்று மாதங்களின் கணக்கு. காலையில் ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் அரைச்சுற்று வந்து அமர்கிறார். நாமும் விடுமுறை நாட்களில் உடன் செல்கிறோம். நம் பிழைக்கு ஒரு முறை மன்னிப்புக் கேட்டோம். "நீ ஒரு சொல்தான் தப்பாகச் சொன்னாய் தம்பி. நான் மூன்று மாதம் ஒரு சொல்லும் சொல்லவில்லையே" என்றார்.

மருத்துவமனைக்குத் துணை செல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சொல் தெரியாவிடில், தெரியாது என்று கூறி மருத்துவரையே மீண்டும் எளிதாகச் சொல்லச் செய்யுங்கள். ஒன்றையும் விடாதீர்கள். கேட்டவர் என்ன புரிந்துகொண்டார் என்பதைத் திருப்பிக் கேட்டபின்பே எழுந்திருங்கள். வங்காளம் நன்கு அறிந்த அன்பர் சிலர் இப்பணிக்கு முன்வந்தால், சங்க அலுவலகத்தில் அவர்தம் பெயர்களை எழுதி வைத்து, தேவைப்படும் குடும்பங்களுக்குத் துணை அனுப்பலாம். நம் பெயரை முதலில் எழுதிவிட்டோம்.

முன்பதிவு பற்றிய தொடர்ச்சி அடுத்த இதழில்.